தலைமாட்டு மரங்கள்

கிசிவானி, பெம்பா
8 ஜூன் 1997

தம்பி ஷாமேவுக்கு,

சலாம். அது கடமை என்பதால் எழுதுகிறேன். மனம் ஆறி எழுதவில்லை.

முந்தாநாள் சித்தி மகன் ஹமாதி இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேட்டுத் தோட்டத்துக்கு வந்தான். கையில் அளவு நாடா. அம்மாவை அடக்கம் செய்த கபுரைச் சுற்றி முளைக்குச்சிகள் அடித்தான்.

"என்னடா பண்றே?" என்று கேட்டேன்.

"ஷாமே அண்ணன் பெரியம்மா பேர்ல பள்ளிவாசல் கட்டப்போறாரு அக்கா. இந்த மூணு மரமும் போயிரும். உனக்குச் சொல்லலையா?"

"சொல்லலை."

"சொல்லுவாரு, சொல்லுவாரு. இந்த நாடாவோட நுனியைக் கொஞ்சம் பிடி."

என்னையே பிடிக்கச் சொன்னான். அவன் போனதும் குச்சிகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். மரவள்ளிக்கிழங்கு நன்றாக வெந்தது.

பள்ளிவாசல் வேண்டாம் என்று சொல்கிற பாவி இல்லை நான். கேட்பது ஒன்றுதான். யாரைக் கேட்டு முடிவு செய்தாய்? நம் வீட்டில் இரண்டு பிள்ளைகள் பிறந்தோம் என்பது மஸ்கட்டில் மறந்துபோகிறதா?

மரங்களில் வௌவால்கள் இருக்கின்றன. அவை இருக்கும்வரை மரமும் இருக்கும்.

மிஸே


மத்ரா, மஸ்கட்
2 ஜூலை 1997

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கிடைத்தது. முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். தப்புதான். சொன்னால் "முடியாது" என்பாய் என்று தெரியும், அதனால் தள்ளிப்போட்டேன். ஹமாதி இவ்வளவு அவசரப்படுவான் என்று நினைக்கவில்லை.

அக்கா, அம்மா இறந்தபோது நான் வரவில்லை. தந்தி இங்கே வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அடுத்த வருடம் வந்து கபுரைப் பார்த்தேனே, நினைவிருக்கிறதா? வெள்ளைக் கற்கள் மேல் பழுப்பாக வழிந்திருந்தது வௌவால் எச்சம். துஆ கேட்கக் கையை உயர்த்தினேன். என் புதுச் சட்டையின் தோளில் சொத்தென்று விழுந்தது. நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. இங்கே தையல் மெஷினில் உட்காரும்போதெல்லாம் அந்தக் கற்கள்தான் கண்ணில் நிற்கின்றன. மகன் தூரத்தில் இருக்கிறான், அம்மாவின் தலையில் மிருகங்கள் அசுத்தம் செய்கின்றன.

அந்த இடத்தில் ஐந்து வேளைத் தொழுகைக்கும் பாங்கு கேட்க வேண்டும், கபுர் சுத்தமாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்காகத்தான் இவ்வளவு நாள் ஊசி பிடித்தேன். வௌவால்களுக்கு இறக்கை இருக்கிறது, வேறு மரத்துக்குப் போகட்டும். அம்மாவால் எழுந்து போக முடியாது.

கோபப்படாதே. முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் தம்பி,
ஷாமே


கிசிவானி
29 ஜூலை 1997

ஷாமேவுக்கு,

முழங்கால் வலிக்கிறது. கபுரைக் குனிந்து கூட்டுவதால் வலிக்கிறது. நீ ஒரு நாள் பார்த்து இன்னும் அழுகிற அந்த எச்சத்தை அன்று முதல் தினமும் காலையில் கூட்டுகிறவள் நான். ஓலைத் துடைப்பத்தால் கூட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறேன். மறுநாள் காலை மறுபடி கிடக்கும். எனக்கு இல்லாத அருவருப்பு உனக்கு எங்கிருந்து வந்தது?

வௌவால் மேல் எனக்குக் காதல் என்று நினைக்காதே. நாறும். பகல் முழுக்கச் சண்டை போட்டுக் கத்தும். என் மாம்பழத்தில் ஒன்றைக்கூட முழுசாக விடாது. முன்பெல்லாம் நான் அதை விரட்டியவள்தான்.

வேறு மரத்துக்குப் போகட்டும் என்கிறாய். எந்த மரத்துக்கு? நீ ஏறி விளையாடிய ம்வூலே மரங்கள் எல்லாம் படகாகவும் கதவாகவும் போய்விட்டன. இந்தப் பக்கம் உயரமாக மிச்சம் நிற்பவை அம்மாவின் தலைமாட்டு மரங்கள் மூன்றும்தான். போக இடமில்லாமல்தான் இங்கே கூடி வந்து தொங்குகின்றன. வேட்டைக்காரர்களும் அது தெரிந்துதான் வந்தார்கள். ஒரு சாயங்காலம் வெடிச்சத்தம் கேட்டு ஓடினேன். கபுரின் கற்கள் மேல் ஒரு தாய் வௌவால் செத்துக் கிடந்தது. அதன் நெஞ்சில் குட்டி தொங்கிக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தது. தாய் செத்தது அதற்குத் தெரியவில்லை. யாருடைய கபுர் மேல் அது கிடந்தது என்று யோசி. அன்று முதல் துப்பாக்கியோடு வருகிற எவனும் என் உலக்கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வன இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். இந்த இனம் நம் தீவைத் தவிர உலகத்தில் எங்கும் கிடையாது, வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும், கொஞ்சம்தான் மிச்சம் என்றார். காக்கை மாதிரி எல்லா ஊரிலும் இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்! இப்போது ஊர் ஆட்கள் காவல் சங்கம் வைத்திருக்கிறார்கள். சங்கத்தின் வேலை கூட்டம் போட்டு டீ குடிப்பது. காவல் என் வேலை.

கடைசியாக ஒன்று. மண் உன்னுடையது. மரம் என்னுடையது. நம் தீவில் மண்ணுக்கு ஒருவரும் மரத்துக்கு ஒருவரும் சொந்தக்காரராக இருக்கலாம் என்பதை மஸ்கட் காற்று அடித்துக்கொண்டு போயிருந்தால் நினைவுபடுத்துகிறேன். பாகம் பிரித்த அன்று பெரியவர்கள் முன்னால் நீதான் சொன்னாய். "மரமெல்லாம் அக்காவுக்கு, மண்ணு எனக்குப் போதும்." பெரிய மனது என்று எல்லோரும் உன்னைப் புகழ்ந்தார்கள். எனக்கு வந்த கிராம்பு மரங்கள் நோயில் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. நான் உன்னிடம் வந்து அழவில்லை. மிச்சம் இருக்கும் மூன்று மரத்தை விட மாட்டேன்.

மிஸே


மத்ரா
20 ஆகஸ்ட் 1997

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குட்டி பற்றி எழுதியதை மூன்றாவது முறை படிக்கவில்லை. முடியவில்லை.

ஆனால் நியாயத்தைப் பேசுவோம். மரமெல்லாம் உனக்கு என்றேன், உண்மை. நட்ட மரத்தைச் சொன்னேன். கிராம்பு, தென்னை, மா. நட்டவனுக்கு மரம், தானாக முளைத்த காட்டு மரம் மண்ணோடு போகும். இதுவும் நம் தீவின் வழக்கம்தான், மஸ்கட் காற்று அதை அடித்துக்கொண்டு போகவில்லை. ம்வூலேயை யார் நட்டார்கள்? அப்பாவா, அம்மாவா, நீயா?

உனக்கும் எனக்கும் நடுவில் நாமே நீதிபதியாக இருக்க முடியாது. ஊர்த்தலைவர் சொல்லட்டும். நான் ஹமாதியை என் சார்பில் பேசச் சொல்லியிருக்கிறேன். அவர் என்ன சொன்னாலும் தலை வணங்குவேன். நீயும் வணங்குவாயா? உனக்கு அந்தப் பழக்கம் இல்லை, அதனால் கேட்கிறேன்.

இன்னொன்று. வௌவாலுக்கு இப்படி உருகுகிறாயே, சின்ன வயதில் தேங்காய்ப் பாலில் வௌவால் கறி வைத்தால் சட்டியை வழித்து நக்கியது யார்? நான் அழுதால்கூட ஒரு துண்டு தரமாட்டாய்.

ஷாமே


கிசிவானி
30 செப்டம்பர் 1997

ஷாமேவுக்கு,

நான்தான் நக்கினேன். ருசியாகத்தான் இருந்தது. அதனால் என்ன?

ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்தில் பஞ்சாயத்து நடந்தது. யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்கிறேன்.

ஹமாதி உன் கடிதத்தை வாசித்தான். அழகாக எழுதியிருந்தாய். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது வீண் போகவில்லை. நீ வீட்டில் சத்தம் போட்டுப் படித்தபோது கதவுக்குப் பின்னால் நின்று எழுத்துக் கற்றவள், எனக்குத் தெரிந்த வரைக்கும் பேசினேன்.

ஊர்த்தலைவர் கேட்டார். "மிஸே, ஒரே கேள்விதான். அந்த ம்வூலேயை நட்டது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கொம்போ கிழவர் எழுந்தார். "மிஸேவோட அம்மாதான் நட்டா! நான் பாத்தேன். குர்ஆன்மேல சத்தியம் பண்றேன்!"

அவருக்கு என்மேல் பாசம். உன் பள்ளிவாசல் அவர் வீட்டு வழியை அடைக்கும் என்பது அதைவிடப் பெரிய பாசம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"உக்காருங்க மாமா. அம்மா நடலை. அவங்க பிறக்கறதுக்கு முன்னாடியே அந்த மரம் நின்னுச்சு. உங்களுக்கும் அது தெரியும்" என்றேன்.

"அப்போ யாருதான் நட்டது?"

"வௌவால்தான். ம்வூலேப் பழத்தைத் தின்னு கொட்டையைப் போடறது அதுதானே? நட்டவனுக்கு மரம்னா மரம் அதுக்குத்தான் சொந்தம். நான் காவல்காரி."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்போ வௌவாலைக் கூப்பிடு, வந்து சாட்சி சொல்லட்டும்" என்றான் ஹமாதி. "தலைகீழாத் தொங்கிட்டு சத்தியம் பண்ணினா செல்லுமா?" என்று இன்னொருவன். ஊர்த்தலைவரும் சிரித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். காட்டு மரம் மண்ணுக்குச் சொந்தம்.

நீ ஜெயித்தாய். நான் தலை வணங்கினேன். எனக்கு அந்தப் பழக்கமும் உண்டு.

ஆனால் தலைமாட்டு மரத்தில் கோடரி வைக்கும் முன்னால், அடக்கமானவரின் வயிற்றில் பிறந்த பிள்ளை கபுரின் தலைப்பக்கம் தண்ணீர் ஊற்றி அனுமதி கேட்க வேண்டும். இந்த ஊரில் எந்த மரவெட்டியும் அதைப் பார்க்காமல் வெட்டமாட்டான். அம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். நான் ஊற்றமாட்டேன்.

வெட்ட வேண்டுமானால் நீ வா. அம்மாவிடம் நீயே கேள்.

மிஸே


மத்ரா
16 அக்டோபர் 1997

அக்கா,

நோன்பு வருவதற்குள் முடிக்க வேண்டிய தையல் மலைபோல் கிடக்கிறது. இப்போது கடையை விட்டு வரமுடியாது. என் சார்பில் தண்ணீர் ஊற்ற ஹமாதிக்கு அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவனும் அம்மா தூக்கி வளர்த்த பிள்ளைதான். இங்குள்ள ஆலிம் ஒருவரைக் கேட்டேன், மார்க்கத்தில் அப்படி ஒரு சட்டமே இல்லை என்றார்.

கபுர் சுத்தமாகிவிட்டால் உன் கோபமும் போய்விடும். உன் முழங்காலுக்கும் ஓய்வு.

ஷாமே


கிசிவானி
11 நவம்பர் 1997

ஷாமேவுக்கு,

தண்ணீரைத் தபாலில் அனுப்பினாய். வந்து சேர்ந்தது.

மரவெட்டிகள் முதலில் தயங்கினார்கள். ஹமாதி உன் கடிதத்தை விரித்துக் காட்டினான். கையெழுத்தைப் பார்த்ததும் அவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. நான் கபுர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தடுக்கவில்லை. தீர்ப்புக்குத் தலை வணங்கியவள்.

நடுமரத்தில் ரம்பம் வைத்தார்கள். வௌவால்கள் முதலில் கத்தின. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. நடுப்பகல் வெயிலில் வானம் கறுத்தது. இது குட்டி சுமக்கும் காலம். பகலில் பறக்காத தாய்கள் நெஞ்சில் குட்டியோடு சுற்றின, உட்கார இடமில்லை. சுமக்க முடியாதவை குட்டிகளை விட்டன. முற்றத்தில் விழுந்தன, கூரையில் விழுந்தன. மரவெட்டிகளில் ஒருவன் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதான். "இதை யாரும் எங்கிட்ட சொல்லலையே" என்றான். சம்பளம் வேண்டாம் என்று போய்விட்டான். மற்றவர்களும் போனார்கள். அதற்குள் நடுமரம் விழுந்துவிட்டது, ஓரத்து மரங்கள் இரண்டும் நிற்கின்றன.

சாயங்காலம் வௌவால்கள் கடல் பக்கம் போயின. திரும்பவில்லை. விழுந்த குட்டிகளைச் சங்கத்துப் பெண்கள் துணியில் சுற்றி வைத்துப் பால் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் பிழைக்கவில்லை.

அம்மாவின் கபுர் சுத்தமாக இருக்கிறது. நீ கேட்டது அதுதான்.

இனி எனக்கு எழுதாதே.

மிஸே


மத்ரா
20 பிப்ரவரி 1998

அக்கா,

எழுதாதே என்றாய். சொல்லாமல் நோன்புக்கு வந்து நின்றேன். இப்போது சொல்லாமல் எழுதுகிறேன்.

நீ கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டுச் சமையல் பக்கம் போனாயே, அந்த நேரம் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். நோன்பு திறக்கும் நேரம் பேரீச்சம்பழமும் பயற்றுக்கஞ்சியும் இரண்டு பாயில் வைத்தாய். ஒரு பாய் கதவுக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். பெருநாள் வரைக்கும் நாம் பேசிக்கொண்டது "உப்பு போதுமா" என்பது மட்டும்தான். அதையும் பூனையிடம்தான் கேட்டாய்.

தினமும் காலையில் மேட்டுக்குப் போனேன். நீ எனக்குப் பின்னால் வருவாய், துடைப்பத்தோடு. கூட்ட ஒன்றும் இருக்காது. ஆனாலும் கூட்டுவாய். அதை நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தாயோ, பார்க்க வேண்டும் என்று நினைத்தாயோ தெரியவில்லை.

அம்மாவின் தலைமாட்டில் இவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. இத்தனை வருடம் எனக்குப் பிடிக்காத அந்தக் கூச்சல் இருந்தவரை அம்மா தனியாக இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது. நானும் இல்லை, அவையும் இல்லை. சுத்தமான கல் மட்டும்.

கொம்போ கிழவர் வழியில் மறித்துத் திட்டினார். "உங்கக்கா ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தா நீ தோத்திருப்பேடா. அம்மா பேர்ல பொய்ச் சத்தியம் வேணாம்னு தோத்தா. நீ ஜெயிச்சுட்டு என்னத்தைக் கட்டப்போறே?"

ஹமாதி மறுபடி அடித்திருந்த முளைக்குச்சிகளை நானே பிடுங்கினேன், நீ பார்த்தாய். பள்ளிவாசல் கீழே, சாலையோரத்துக் கிணற்றடியில் வரும். ஊர்த்தலைவரிடம் சொல்லிவிட்டேன். மேட்டில் நிற்கும் இரண்டு மரங்களையும் எல்லார் முன்னாலும் உனக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், நட்டது யாராக இருந்தாலும்.

விழுந்த மரம் அப்படியே கிடக்கிறது. அதைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவை எங்கே போயின என்று தெரிந்தால் எழுது. எனக்காக இல்லாவிட்டாலும்.

ஷாமே


கிசிவானி
5 ஏப்ரல் 1998

ஷாமேவுக்கு,

மன்னிப்புக் கேட்டாயா இல்லையா என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தச் சொல் அதில் இல்லை. போகட்டும். எனக்கும் அந்தச் சொல் லேசில் வராது.

அவை கழிமுகத்துக் கண்டல் காட்டில் இருக்கின்றன. மரம் குட்டை. கீழே படகில் போனாலே கை எட்டும். தெரிந்ததும் துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். சங்கத்தைக் கூப்பிட்டேன். டீ ஆறிப்போகும் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோரும் வந்தார்கள். முன்னால் நின்றது யார் தெரியுமா? ஹமாதி. "இது எங்க ஷாமே அண்ணனோட வௌவால், தொட்டா கேஸ் போடுவாரு" என்று கத்தினான். உனக்கு வௌவால் சொந்தமான கதை இப்படித்தான். அவர்கள் படகைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நாங்கள் முறை வைத்துப் படகில் காவல் இருக்கிறோம். என் முழங்கால் இப்போது சேற்றில் வலிக்கிறது, வேறு மாதிரி வலி.

வன இலாகா ஆள் சொல்கிறார், பயந்த கூட்டம் பழைய மரத்துக்குத் திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும். அவருக்கும் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொண்டதால் அந்த ஆளை எனக்குப் பிடிக்கிறது. மேட்டில் யாரும் விறகு வெட்டக்கூடாது, ஆடு மேய்க்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சத்தம் போடாதே என்று நான் போடுகிற சத்தம்தான் அங்கே கேட்கிறது என்கிறான் ஹமாதி.

விழுந்த மரத்தைப் பற்றி: மழையில் கிடந்து அழுகுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பள்ளிவாசல் கதவுக்கு எடுத்துக்கொள். மெல்லிய பலகை போடாதே. நூறு வருடம் நிற்கும்படி செய்யச் சொல். அம்மாவின் பெயரைச் செதுக்கும்போது எழுத்துப் பிழை இல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மிஸே


மத்ரா
3 மே 1998

அக்கா,

கதவை நீ சொன்னபடி செய்யச் சொல்லி எழுதிவிட்டேன். பலகையின் கனத்தைக் கேட்டு ஆசாரியே திகைத்தாராம்.

நீ சொல்வது சரி, அந்தச் சொல்லை நான் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். ஒரு சொல்லில் அடங்குவதாக இல்லை. தண்ணீரைத் தபாலில் அனுப்பினேன் என்று எழுதினாயே, அந்த வரி தைக்கும்போதெல்லாம் ஊசியோடு வருகிறது. மன்னித்துவிடு அக்கா. எழுதிவிட்டேன்.

அவை திரும்பின என்று ஒரு வரி வந்தால் போதும்.

ஷாமே


கிசிவானி
17 செப்டம்பர் 1998

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது கடமைக்காக இல்லை.

நான்கு மாதம் பதில் எழுதாமல் இருந்தேன். எழுத ஒன்றும் இல்லாமல் எழுத எனக்குப் பிடிக்காது. கண்டல் காட்டில் காவல் தொடர்கிறது. கதவு வந்துவிட்டது. கனமாக இருக்கிறது, திறக்க இரண்டு பேர் வேண்டும் என்று இமாம் குறைப்படுகிறார். நல்லது, தொழ வருகிறவன் பக்கத்து வீட்டுக்காரனையும் கூட்டி வரட்டும்.

போன வாரம் ஹமாதி ஓடி வந்தான். "அக்கா, மேட்டுல ஏதோ ஒண்ணு தொங்குது!" என்றான். "உன் மூளையாத்தான் இருக்கும், போடா" என்றேன். போய்ப் பார்க்கவில்லை. ஒன்றுமில்லை என்றால் தாங்கியிருக்க மாட்டேன். மறுநாளும் போகவில்லை. வேண்டுமென்றே கிணற்றடிப் பக்கமாகச் சுற்றிப் போனேன்.

இன்று விடியலில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஏறினேன். தூரத்திலேயே சண்டைச் சத்தம் கேட்டது. அதே பழைய கூச்சல், யார் எந்தக் கிளை என்று. வலது மரத்தில் நிறைய, இடது மரத்தில் கொஞ்சம். நடுவில் வானம் தெரிகிறது, அந்த ஓட்டை எப்போதும் இருக்கும். ஒன்று சிறகை விரித்து விசிறிக்கொண்டது. அதன் நெஞ்சில் சின்னதாக ஒரு தலை.

அம்மாவின் கபுர் முழுக்க அசுத்தமாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

நான் கூட்டவில்லை. துடைப்பத்தைக் கபுரின் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நோன்புக்கு வா. வந்து நீ கூட்டு. இந்த முறை ஒரே பாய்தான் விரிப்பேன்.

உன் அக்கா,
மிஸே